சீவலப்பேரி, பெண், வயது ஏழு

சீவலப்பேரி
16.2.1997

அன்புத் தம்பி எஸ்றாவுக்கு,

கர்த்தர் கிருபையில் நான் சுகமாக இருக்கிறேன். உனக்கு நெஞ்சுச் சளி விட்டதா? காலையில் வேலைக்குப் போகும்போது காதை மூடிக்கொண்டு போ. முப்பத்தெட்டு வயது ஆளுக்கு இதையும் நான் எழுத வேண்டியிருக்கிறது.

இங்கே பிசான நெல் அறுப்பு ஆரம்பித்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகளைக் காணோம். தலைமையாசிரியை ஆன பிறகு எனக்குப் பாடம் நடத்துவதைவிடப் படிவம் நிரப்புகிற வேலைதான் அதிகம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் ஒரு செய்தி. பழைய காலத்துக் கொள்ளைக் காய்ச்சல்களின் கிருமிகளை உறைய வைத்துப் பத்திரப்படுத்தியிருக்கிறார்களாம். இப்போது அவற்றுக்குள் இருக்கும் எழுத்துகளைப் படித்து, எந்தக் காய்ச்சல் எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிறார்களாம். புனே பெயரும் போட்டிருந்தது. நீ பார்க்கிற வேலை இதுதானா? உன் வேலையைப் பற்றி நீ ஒருநாளும் விவரமாக எழுதியதில்லை.

எழுபத்தெட்டில் நம் பக்கம் வந்த மூளைக்காய்ச்சல் கிருமியும் அங்கே இருக்கிறதா? டார்லினை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று முதுகில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள். புனேக்கு அனுப்புகிறோம் என்று ஒரு டாக்டரம்மா சொன்னார்கள். அதற்கப்புறம் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் எதனால் போனாள் என்பதற்குப் பதினெட்டு வருஷமாக என்னிடம் ஒரே ஒரு பதில்தான் இருக்கிறது. அது சரிதானா என்று நீ பார்த்துச் சொல்.

உன் அக்கா,
ஜெபராணி

*

புனே
9.3.1997

அன்புள்ள அக்காவுக்கு,

எஸ்றாவின் தோத்திரம். சளி குறைந்துவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி? மாடிப்படி ஏறாதே.

ஆமாம், நான் பார்ப்பது அந்த வேலைதான். பெரிதாக ஒன்றுமில்லை. சுண்டுவிரல் அளவுக் குழாய்களில் கிருமியை உறைய வைத்திருப்போம். ஒவ்வொரு கிருமிக்குள்ளும் நாலே நாலு எழுத்துகள் மாறி மாறிக் கோத்த நீளமான வரி இருக்கிறது. அதில் ஒரு துண்டைப் பிரித்து எக்ஸ்ரே பிலிம் மாதிரி ஒரு படத்தில் பதிய வைத்தால் ஏணிப்படி போலக் கறுப்புக் கோடுகள் விழும். கீழிருந்து மேலே ஒவ்வொரு கோடாகப் படித்து எழுத வேண்டும். இரண்டு கிருமிகளின் வரி ஒன்றுபோல இருந்தால் இரண்டும் ஒரே இடத்திலிருந்து வந்தவை. எழுத்து மாறியிருந்தால் தூரத்துச் சொந்தம். ஒரு நாளைக்கு நானூறு எழுத்து படித்தால் கண் எரியும்.

நம் ஜில்லாக் குழாய்களும் எங்கேயாவது இருக்கலாம். குழாயில் பேர் இருக்காது, ஊரும் வயதும்தான். தேடுவது சுலபமில்லை. இதெல்லாம் ஆராய்ச்சிக்கு உதவும் அக்கா. நமக்கு என்ன செய்துவிடப்போகிறது? நீ உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புத் தம்பி,
எஸ்றா

*

சீவலப்பேரி
20.3.1997

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறேன். நமக்கு என்ன செய்யும் என்று கேட்டிருக்கிறாய். எனக்கு என்ன செய்யும் என்று எழுதுகிறேன்.

நான் அப்போது பயிற்சி வகுப்புக்காகப் பாளையங்கோட்டையில் பத்து நாள் தங்கியிருந்தேன். நீ காலேஜ் லீவில் எங்கள் வீட்டில் இருந்து, புனேயிலிருந்து வந்த குழுவுக்குக் கொசு பிடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாய். நான் திரும்பி வந்த நாலாம் நாள் பிள்ளைக்குக் காய்ச்சல். மறுநாள் வலிப்பு. காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்தபோது பக்கத்து வீட்டுச் சாரம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லாதப்ப ஒம் மாப்பிள்ள புள்ளைய ஆத்துக்குக் கூட்டிட்டுப் போயி புதுவெள்ளத்துல முக்கி எடுத்தாரு ராணி. எங்கண்ணால பாத்தேன்" என்றாள்.

அவரிடம் கேட்டேன். "ஆமா, கூட்டிட்டுப் போனேன்" என்றார். வேறு ஒரு வார்த்தை இல்லை. ஏன் என்று இரண்டு வருஷம் கேட்டேன். சாப்பிட உட்காரும்போது கேட்டேன், ஆலயத்துக்குப் புறப்படும்போது கேட்டேன். ஒருநாள் நாங்குநேரிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

கொசுவால் வருகிற காய்ச்சல் என்று சுகாதாரத் துறையினர் சுவரெல்லாம் எழுதிப் போட்டிருப்பது எனக்கும் தெரியும். நம் தெருவில் கொசு கடிக்காத பிள்ளை உண்டா? இவள் மட்டும் ஏன் போனாள்? ஊர் அழுக்கெல்லாம் அடித்து வருகிற கலங்கல் தண்ணீரில் அவளை முக்கியதால்தானே? அந்தக் குழாயைத் தேடு எஸ்றா. இருந்தால் பார். இல்லையென்றால் இல்லை என்று எழுது.

ஜெபராணி

*

புனே
28.6.1997

அன்புள்ள அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே வெயில், ஊழியர் குறைவு, மின்வெட்டு. அதனால்தான் மூன்று மாதம் எழுத முடியவில்லை.

குழாய் இருக்கிறது. ‘சீவலப்பேரி, பெண், வயது ஏழு’ என்று பழைய மசியில் எழுதியிருக்கிறது. தேதியும் நம் தேதிதான். அந்த மாதம் நம் ஊரிலிருந்து வேறு குழாய் வரவில்லை. எங்கள் மேலதிகாரி எடுத்துக் கொடுத்தார். கூட வேலை செய்பவரிடம் கொடுத்துப் பிரிக்கச் சொன்னேன். படத்தைப் படித்தது நான்தான்.

அது மூளைக்காய்ச்சல் கிருமியேதான். கொசு கடித்தால் மட்டும் வருவது. தண்ணீரில் பரவாது, காதில் மூக்கில் தண்ணீர் போனாலும் வராது. ஆற்றுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இதை நான் உறுதியாகச் சொல்கிறேன். கடிபட்டவர்களில் முந்நூறு பேரில் ஒருவருக்குத்தான் மூளைக்கு ஏறும். யாருக்கு ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அத்தானைப் பற்றி நீ இனிமேல் அப்படி நினைக்க வேண்டாம். இவ்வளவுதான் எழுத முடிகிறது.

எஸ்றா

*

சீவலப்பேரி
6.7.1997

அன்புத் தம்பி எஸ்றாவுக்கு,

என் மகளுடைய ஏதோ ஒரு துளி உலகத்தில் இன்னும் இருக்கிறது என்று படித்ததும் கடிதத்தை மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அன்று பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டேன். உனக்கு எத்தனை கஷ்டமாக இருந்திருக்கும். நீ அவளைத் தூக்கி வளர்த்தவன்.

தண்ணீர் இல்லை, கொசுதான் என்கிறாய். ஒப்புக்கொள்கிறேன். நீ படித்தவன். ஆனால் அந்தக் கொசு எங்கே கடித்தது என்று யோசித்தாயா? சிற்றாறு வந்து சேருகிற இடத்தில் நாணல் புதர் எப்படி மண்டிக் கிடக்கும் என்று உனக்குத் தெரியும். பொழுது சாய்கிற நேரத்தில் அங்கே ஐந்து நிமிடம் நின்றால் கால் முழுக்கத் தடித்துவிடும். பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது யார்? தண்ணீரில் முக்கினார் என்று நினைத்திருந்தேன். கொசுக் கூட்டத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கிறார். எனக்கு இரண்டும் ஒன்றுதான்.

இதை அவருக்கும் எழுதிப் போட்டுவிட்டேன். ஆறு வருஷத்துக்குப் பிறகு நான் அவருக்கு எழுதிய முதல் கடிதம். புனேயில் சோதித்து எஸ்றாவே சொல்லிவிட்டான் என்று எழுதினேன். நான் நினைத்தது தப்பென்றால் நீ சொல்.

அக்கா,
ஜெபராணி

*

நாங்குநேரி
21.7.1997

அன்பு எஸ்றாவுக்கு,

அத்தான் சத்தியநேசன் எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம் என்று சொல்லலாம். நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். ஆபீசில் கீழ்த்தளத்தில் நாற்காலி போட்டுக் கொடுத்துவிட்டார்கள். நீ சாப்பாட்டை நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

ராணியிடமிருந்து கடிதம் வந்தது. உன் பெயரும் அதில் இருந்ததால் இதை எழுதுகிறேன். நீ அவளிடம் எதையும் சொல்ல வேண்டாம். உன் மனசு எப்படிக் கிடந்து அடித்துக்கொள்ளும் என்று எனக்குத் தெரியும், அதனால் முந்திக்கொண்டு எழுதுகிறேன்.

பலவேசம் அண்ணாச்சியின் பன்றிக் கொட்டிலுக்கு அவள் உன்னோடு வந்த மூன்று நாளும் என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வந்தாள். "மாமாவுக்கு டார்ச் பிடிக்க ஆள் இல்லையாம்பா" என்றாள். போயிட்டு வா என்றேன். நான் சொல்லாவிட்டால் போயிருக்க மாட்டாள். மறுநாள் கால் அரிக்கிறது என்று அழுதாள். உச்சிவெயிலில் ஆற்றுக்குக் கூட்டிப்போய்க் கழுவிவிட்டேன். தண்ணீரைப் பார்த்ததும் குளிப்பேன் என்று அடம்பிடித்தாள். அதைத்தான் சாரம்மாள் பார்த்தது. உனக்கு அப்போது பத்தொன்பது வயது. கொசு கடித்தால் பிள்ளை செத்துப்போகும் என்று உனக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா?

ராணிக்கு யாரையாவது வெறுத்தால்தான் மூச்சு விட முடியும். என்னை வெறுத்தாலும் அவளுக்கு நீ இருக்கிறாய். உன்னையும் வெறுத்துவிட்டால் யார் இருக்கிறார்கள்? எனக்கு இது பழகிவிட்டது. இப்படியே போகட்டும்.

அன்புடன்,
சத்தியநேசன்

*

புனே
17.8.1997

மரியாதைக்குரிய அத்தானுக்கு,

எஸ்றாவின் தோத்திரம். மூச்சு வாங்குவதை அலட்சியம் செய்யாதீர்கள். பாளையங்கோட்டைக்குப் போய் உடனே காட்டுங்கள்.

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. அக்காவிடம் பாதி உண்மையைச் சொன்னேன். அந்தப் பாதியும் உங்கள் தலையிலேயே போய் விழுந்துவிட்டது. அவள் "நான் நினைத்தது தப்பென்றால் சொல்" என்று எழுதியிருக்கிறாள். ஆறு வாரமாக நான் பதில் போடவில்லை.

உங்களுக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று நான் பிடித்துக் கொடுத்த கொசுக்களும் இங்கே இருக்கின்றன. ஐம்பது ஐம்பதாக அரைத்துக் கிருமியைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். ஒரு குழாயோடு வந்த சீட்டில் ‘பலவேசம் கொட்டில்’ என்று என் கையெழுத்து. பன்றி உடம்பில் பெருகுகிற கிருமியைத்தான் கொசு மனிதருக்குக் கொண்டுவருகிறது. இருநூற்று நாற்பது எழுத்துகள் படித்தேன். டார்லின் குழாயிலும் அதே இருநூற்று நாற்பது. ஒன்றுகூட மாறவில்லை. மற்ற ஊர்களின் வரிகளில் மூன்று, நாலு எழுத்து வித்தியாசம் இருக்கிறது. எங்கள் மேலதிகாரி என் தோளைத் தட்டி, இத்தனை அழகான பொருத்தத்தைப் பார்த்ததில்லை என்றார். கட்டுரையில் என் பெயரையும் சேர்க்கிறாராம்.

எந்தக் கொசு கடித்தது என்று அந்த எழுத்துகள் சொல்லாது. ஆனால் எனக்குத் தெரியும். கிறிஸ்துமஸுக்கு வருகிறேன். நாம் இரண்டு பேரும் சீவலப்பேரிக்குப் போவோம். அக்காவின் முகத்தைப் பார்த்து நானே சொல்கிறேன். கடிதத்தில் எழுத எனக்குத் தைரியமில்லை.

எஸ்றா

*

நாங்குநேரி
2.9.1997

அன்பு எஸ்றாவுக்கு,

நலம். மாத்திரை சாப்பிடுகிறேன். கிறிஸ்துமஸுக்குக் கட்டாயம் வா, மற்றதை அப்போது பேசிக்கொள்ளலாம். அதுவரை ஒன்றும் எழுதாதே.

ஒரு சந்தேகம். அந்தக் குழாயை வேலை முடிந்ததும் கொட்டிவிடுவீர்களா, வைத்திருப்பீர்களா? வெளியாட்களைப் பார்க்க விடுவார்களா? டார்லினுடைய போட்டோ இரண்டும் ராணியிடம் இருக்கின்றன. கேட்க மனசு வரவில்லை. ரயிலில் புனேக்கு எத்தனை நாள் என்று எழுது. டாக்டர் சம்மதித்தால் ஒருதடவை வந்து தூர நின்று பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.

சத்தியநேசன்

*

சீவலப்பேரி
3.11.1997

தம்பி எஸ்றாவுக்கு,

கர்த்தர் சித்தம். உன் அத்தான் போன செவ்வாய்க்கிழமை, அக்டோபர் 28, காலையில் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் காலமாகிவிட்டார். உனக்குத் தந்தி கொடுக்கச் சொன்னேன். நீ வெளியூர் வேலையில் இருப்பதாக ஆபீசிலிருந்து பதில் வந்ததாம்.

திங்கட்கிழமையே ஆள் வந்து, அவர் என்னைப் பார்க்க வேண்டும் என்று கேட்பதாகச் சொன்னார். சாயங்கால பஸ்ஸில் போனேன். வார்டு வாசலிலேயே நின்றுவிட்டேன். உள்ளே கால் வைக்கவில்லை. மெலிந்து, கழுத்தெலும்பு தெரியக் கிடந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து உட்காரப் பார்த்தார். முடியவில்லை. நான் கேட்கத்தான் செய்தேன் எஸ்றா. வேறு என்ன கேட்பேன்? "பிள்ளைய அங்கன எதுக்குக் கூட்டிட்டுப் போனிய?" என்றேன்.

"தப்புதான் ராணி. நாந்தான்" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

மறுநாள் உடன்குடியிலிருந்து அவர் அண்ணன் வந்தார். டார்லின் பக்கத்தில் எனக்கென்று ஒரு இடம் வாங்கி வைத்திருக்கிறேன் அல்லவா, அதில் அவரை வைக்கலாமா என்று கேட்டார். ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது. "பிள்ளையக் கொண்டுபோய்ச் சாகக் கொடுத்தவருக்கு அவ பக்கத்துல இடம் கிடையாது" என்று சொல்லிவிட்டேன். பெட்டியை வேனில் ஏற்றி உடன்குடிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். நான் போகவில்லை.

அதிலிருந்து சரியாகத் தூக்கமில்லை. நான் செய்தது சரிதானே? ஜூலையில் நான் கேட்டதற்கும் நீ பதில் போடவில்லை. இதற்காவது போடு.

ஜெபராணி

*

புனே
14.11.1997

அக்காவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு வாய் வரவில்லை. நேற்றுத்தான் ஊர் திரும்பினேன். தந்தியையும் உன் கடிதத்தையும் சேர்த்துப் பார்த்தேன்.

நீ நினைத்தது தப்பு. ஜூலையிலேயே எழுதியிருக்க வேண்டும். எழுபத்தெட்டிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

டார்லினைக் கூட்டிக்கொண்டு போனது நான். அத்தான் இல்லை. பலவேசம் அண்ணாச்சியின் பன்றிக் கொட்டிலுக்கு, பொழுது சாய்கிற நேரத்தில், மூன்று நாள். நீ பாளையங்கோட்டையில் இருந்தாய். கண்ணாடிக் குழலில் ரப்பர் குழாய் மாட்டி, கொசு உட்காரும்போது வாயால் உறிஞ்சிப் பிடிக்க வேண்டும். ஒரு கையில் டார்ச் பிடித்துக்கொண்டு செய்ய முடியவில்லை. அவளைப் பிடிக்கச் சொன்னேன். முதல் நாள் பன்றி மேல் உட்கார்ந்ததைப் பிடித்தேன். அவள் கவுன் போட்டிருந்தாள். காலில் கொசு அப்பியது. பட்டென்று அடித்தாள். நான், "அடிக்காதட்டி, செத்துரும். மாமாவுக்கு உசுரோட வேணும்" என்றேன்.

அதற்கப்புறம் அவள் அடிக்கவில்லை அக்கா. இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் ஆடாமல் நின்றாள். டார்ச்சைத் தன் கால் பக்கமே திருப்பிக் காட்டி, "மாமா, இங்கன ஒண்ணு, இங்கன ஒண்ணு" என்று எண்ணிக்கொண்டே இருந்தாள். அவள் காலிலிருந்தே பிடித்தேன். அதிகம் பிடித்ததற்காகக் குழுத் தலைவர் என்னைப் பாராட்டினார். இந்த வேலைக்கே அவர்தான் சிபாரிசு செய்தார்.

அவள் குழாயும் நான் பிடித்த கொசுக்களின் குழாயும் ஒரே எழுத்து. நானே படித்தேன். அத்தான் ஆற்றுக்குக் கூட்டிப்போனது அந்தக் கடிகளைக் கழுவத்தான். அவர் எனக்கு எழுதிய இரண்டு கடிதங்களையும் இதோடு வைத்திருக்கிறேன். சொல்லாதே என்றார். அதை எனக்குச் சாதகமாக வைத்துக்கொண்டேன். கிறிஸ்துமஸுக்கு வந்து சொல்லலாம் என்று நாள் கடத்தினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்குத் தகுதியில்லை. நான் வரட்டுமா? ஒரு வார்த்தை எழுது.

எஸ்றா

*

புனே
11.1.1998

அக்காவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தேன். உன்னிடமிருந்து ஒன்றும் வராததால் புறப்படவில்லை. சாரம்மாள் அக்காள் வீட்டுக்குப் போன் செய்தேன். நீ பள்ளிக்கூடம் போய் வருவதாகவும், யாரிடமும் பேசுவதில்லை என்றும் சொன்னார்கள். முழங்காலுக்குக் காட்டினாயா?

கட்டுரையிலிருந்து என் பெயரை எடுத்துவிடச் சொல்லிவிட்டேன். ஏன் என்று கேட்டார்கள். சொல்லவில்லை.

திட்டியாவது எழுது அக்கா.

எஸ்றா

*

சீவலப்பேரி
22.3.1998

எஸ்றாவுக்கு,

முழங்கால் பரவாயில்லை. நீ எப்படி இருக்கிறாய் என்று கேட்க இவ்வளவு நாள் எனக்கு மனசு வரவில்லை. இப்போது கேட்கிறேன்.

நீ அனுப்பிய அவர் கடிதங்களைப் படித்தேன். குழாயைத் தூர நின்று பார்த்துவிட்டுப் போவதாக எழுதியிருக்கிறாரே, அந்த இடத்தைத் தாண்டி முதல் நாள் என்னால் படிக்க முடியவில்லை. போட்டோவைக் கேட்கக்கூட அந்த மனுஷனுக்குப் பயம் வரும்படி நான் இருந்திருக்கிறேன். வார்டு வாசலில் நின்று கேட்டேனே, அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்ல அவருக்கு ஒரு ராத்திரி இருந்தது. உனக்குப் பத்தொன்பது வருஷம் இருந்தது.

ஜனவரி கடைசியில் உடன்குடிக்குப் போனேன். கல்லறைக்கு இன்னும் சிலுவைகூட வைக்கவில்லை, மண் மேடாகத்தான் இருக்கிறது. என்னென்னவோ சொல்ல நினைத்துப் போனேன். போட்டோவில் ஒன்றை மண்ணில் சாய்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறியதும் அவர் அண்ணன் குடை கொண்டுவந்து என் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அவரிடம் கேட்டேன். பெட்டியை எடுத்துச் சீவலப்பேரிக்குக் கொண்டுபோய் மகள் பக்கத்தில் வைத்துவிடுகிறேன், சபை ஐயரிடமும் சர்க்காரிடமும் நானே அனுமதி வாங்குகிறேன் என்று சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "வேண்டாம்மா. இன்னும் எத்தன தடவ அவன எந்திரின்னு சொல்லுவிய? இங்கன கிடக்கட்டும்" என்றார்.

அதற்கு மேல் நான் கேட்கவில்லை. எனக்கு அவர் பக்கத்தில் இடம் தருவீர்களா என்றேன். சரி என்றார். எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

டார்லின் காலைப் பற்றி நீ எழுதியதை என்னால் மறக்க முடியாது. உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதினால் பொய். வெறுக்கிறேன் என்று எழுதலாம் என்று மூன்று தடவை தாளை எடுத்தேன். அதுவும் வரவில்லை. அவர் சொன்னது போல, எனக்கு வேறு யாரும் இல்லை. நீ இப்போது வர வேண்டாம். என்னால் உன் முகத்தைப் பார்க்க முடிகிற அன்று நானே எழுதுகிறேன்.

நான் உடன்குடிக்குப் போய்விட்டால் இங்கே பிள்ளைக்குப் பக்கத்தில் யாரும் இல்லாமல் போகிறது. போன வாரம் ஆலய ஆபீசுக்குப் போய் என் பெயரில் இருக்கிற இடத்தை உன் பெயருக்கு மாற்றச் சொன்னேன். எழுத்தர் நோட்டைத் திறந்து, அந்தப் பிள்ளைக்கு இவர் என்ன உறவு என்று கேட்டார்.

தாய்மாமன் என்று எழுதச் சொன்னேன்.

ஜெபராணி